எலும்பு பற்றிக்கொள்ளும் உலோகம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

குறுவை நடவின்போது வரப்பில் வழுக்கி விழுந்த என் அப்பாயிக்குத் தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. மருத்துவர்கள் உடைந்த பந்தை நீக்கி, உலோகப் பந்தை வைத்தார்கள். அதன் தண்டை எலும்புக்குள் சிமெண்ட் இட்டு நிறுத்தினார்கள். சிமெண்ட் இல்லாத புது முறையும் உண்டு என்று பின்னர் அறிந்தேன். ஏழை என்பதால்தான் பழைய முறையா? அந்த ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம்.

1962-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, உலோகப் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட இடுப்பு மூட்டை வெற்றிகரமாகப் பொருத்தினார். அவற்றை நிறுத்தியது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் 'எலும்புச் சிமெண்ட்'. இது பசை அன்று. பிசைந்து இட்டால் சில நிமிடங்களில் இறுகி, எலும்பின் நுண்துளைகளில் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக்.

சிமெண்ட் இல்லாத முறையில் பெரும்பாலும் டைட்டானியக் கலவைத் தண்டே பயன்படுகிறது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட், டைட்டானியத்தின் தாதுவாகும். எலும்புக் குழியைவிடச் சற்றே பெரிய தண்டைத் தட்டி இறுக்குவர். அதன் மேற்பரப்பில் ஏறத்தாழ 100 முதல் 400 மைக்ரோமீட்டர் வரையுள்ள துளைகளில் எலும்பு வளர்ந்து பற்றும். ஆனால் தண்டின் அசைவு 150 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் எலும்புக்குப் பதில் மென்மையான நார்த்திசுவே வளரும். நட்ட நாற்று வேர் பிடிக்கும்வரை அசையக்கூடாது என்பது நாம் அறிந்ததே.

இயற்பியலும் இங்கே பேசுகிறது. யங் குணகம் எஃகிற்குச் சுமார் 200, டைட்டானியக் கலவைக்கு 110, கெட்டியான எலும்புக்கு 20 கிகாபாஸ்கலுக்கும் குறைவு. விறைப்பான தண்டு பாரத்தைத் தானே தாங்கினால், வேலையற்ற எலும்பு மெலியும். எஃகைவிட டைட்டானியம் இவ்வகையில் ஏற்றது.

உறுதியான எலும்புடைய இளையோருக்குச் சிமெண்ட் இல்லா முறை நன்று. முதுமையில் மெலிந்த எலும்போ தட்டும்போதோ பின்னரோ வெடிக்கக்கூடும். சிமெண்ட் இடுகையில் இரத்த அழுத்தம் குறையும் ஆபத்து உண்டு. மருத்துவர்கள் அதைக் கண்காணிப்பர். இடுப்பு முறிந்த, 60 வயதும் அதற்கு மேலுமான 1,225 பேரிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 2022-இல் வெளியாயிற்று. சிமெண்ட் இட்டவர்களுக்கே வாழ்க்கை நலம் மேம்பட்டிருந்தது. தண்டைச் சுற்றிய முறிவும் குறைவு.

என் ஐயம் தீர்ந்தது. அப்பாயிக்குக் கிடைத்தது குறைந்த வைத்தியம் அன்று. அவர் எலும்புக்கு ஏற்ற வைத்தியம். எது புதியது என்று கேட்ட நான், யாருக்கு எது ஏற்றது என்று கேட்கக் கற்றேன். வயலில் இறங்க இயலாத அப்பாயி, இந்தச் சம்பா நடவின்போது கைத்தடியுடன் வரப்பில் நின்று, "ஆழமா ஊனாதீங்கடி" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.