கால்போஸ்கோபி என்றாலே புற்றுநோயா?

கேள்வி: எனக்கு வயது 43. சில மாதங்களாகத் தாம்பத்திய உறவுக்குப் பிறகு ரத்தக்கசிவு, நாற்றத்துடன் வெள்ளைப்படுதல். டாக்டர் பார்த்துவிட்டு, உடனே கால்போஸ்கோபி எடுக்கச் சொல்லி சீட்டு எழுதிவிட்டார். தூக்கமே இல்லை. புற்றுநோய்தானா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் பயம் புரிகிறது, சகோதரி. ஆனால் தொற்று, கர்ப்பப்பை வாய்ப்புண், பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி ஆகியவற்றாலும் இதே தொந்தரவுகள் வரும். எது காரணம் என்று தள்ளிப்போடாமல் பார்க்கத்தான் அந்தச் சீட்டு.

வழக்கமான உள்பரிசோதனை போலத்தான் படுக்க வைப்பார்கள். கால்போஸ்கோபியில் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி உடலுக்கு வெளியேதான் நிற்கும். கர்ப்பப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார்கள். வினிகரில் இருப்பதும் அதுதான். லேசாக எரியும். ஓரிரு நிமிடங்களில் மாறுபட்ட செல்கள் இருக்கும் இடம் வெளுத்துத் தெரியும். சந்தேகம் இருந்தால் அங்கிருந்து அரிசி அளவு சதையை பயாப்சிக்கு எடுப்பார்கள். சுருக்கென்று வலிக்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தாலோ முன்பே சொல்லுங்கள். பரிசோதனைக்குப் பிறகு சில நாள் லேசான கசிவு இருக்கலாம். ரத்தப்போக்கு அதிகமானாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பயாப்சியில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் என்று தெரிந்தால், அந்தப் பகுதியை மட்டும் அகற்றினாலே பெரும்பாலும் போதும். ‘கர்ப்பப்பையையே எடுத்துடலாமே’ என்று யார் சொன்னாலும், பயாப்சி முடிவு வருமுன் சம்மதிக்காதீர்கள்.

கசிவு நின்றுவிட்டாலும் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். கணவரையோ அக்கா தங்கையையோ துணைக்கு அழைத்துக்கொண்டு இந்த வாரமே போய் வாருங்கள்.