மதுவும் சரீரமும் சாலையும்

தியானப் பகுதி: நீதிமொழிகள் 23:29–35



மதுவைக் குறித்து நம் சபைகளில் அநேகப் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். அது சரீரத்துக்குள் என்ன செய்கிறது என்று கேட்டறிந்தவர்களோ கொஞ்சம் பேர்தான். மேற்கண்ட பகுதியை மருத்துவரின் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். எப்படி வந்ததென்று தெரியாத காயம், அடிபட்டும் உறைக்காத உடம்பு, கண்ணுக்குத் தோன்றும் விபரீதக் காட்சி, தெளிந்ததும் மறுபடியும் குடியைத் தேடும் மனம் என்று எல்லாம் அங்கே இருக்கின்றன.

1. சரீரத்தில்

மது உணவைப்போல் செரிக்கக் காத்திருப்பதில்லை. சில நிமிடங்களில் இரத்தத்தில் கலந்து மூளையை எட்டுகிறது. அதைச் சிதைத்து அகற்றும் பாரம் பெரும்பாலும் கல்லீரலின்மேல் விழுகிறது. வருஷக்கணக்கில் குடித்தால் கல்லீரலில் முதலில் கொழுப்பு சேரும். பின்பு அழற்சி உண்டாகும். கடைசியில் அது தழும்பேறிச் சுருங்கும். வயிறு வீங்கும் மகோதரமும் இரத்த வாந்தியும் அப்போது வருகின்றன. மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று 1988-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது. ஆபத்தே இல்லாத அளவு என்று எதுவும் இல்லை என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

2. சாலையில்

திருக்கோகர்ணம் வழியே திருச்சிச் சாலையில் இரவும் பகலும் வண்டிகள் ஓடுகின்றன. ஓட்டுபவரின் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கக் கூடாது என்பது சட்டம். 2019-ல் செய்த திருத்தத்தின்படி, முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தமிழகத்திலிருந்து சென்ற வழக்கிலும் சேர்த்து, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-ல் சில தளர்வுகள் தரப்பட்டன.

ஒரு கணக்கைக் கவனியுங்கள். 180 மில்லி பிராந்தியில், அதாவது ஒரு குவாட்டரில், சுமார் 60 கிராம் மது உண்டு. கல்லீரல் மணிக்கு ஆறேழு கிராம் அளவே அகற்றுகிறது. ஆகவே முற்றிலும் தெளிய எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். கல்யாண வீட்டில் இரவு பத்து மணிக்குக் குடித்தவர் தூங்கி எழுந்து அதிகாலை நான்கு மணிக்கு வண்டியை எடுத்தாலும், அவர் இரத்தத்தில் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் மது இருக்கக்கூடும். மோரும் காப்பியும் தலைக்குக் குளிப்பதும் இந்த நேரத்தைக் குறைப்பதில்லை. தூரத்தைக் கணிப்பதும் சட்டென்று பிரேக் போடுவதும் பிசகுகின்றன. ‘நான் நிதானமாக இருக்கிறேன்’ என்று நினைக்கும் அந்த நினைப்பே மதுவின் வேலைதான்.

3. அடிமைத்தனத்தில்

தினமும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை, மதுவின் அமுக்கத்துக்கு எதிராகத் தன்னை முடுக்கிப் பழகிவிடுகிறது. திடீரென்று மதுவை நிறுத்தினால் அமுக்கம் போய்விடும், முடுக்கமோ நின்றுவிடாது. சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலர் இல்லாதவற்றைக் கண்டு அலறுவார்கள். ஆள் அடையாளம் மறப்பார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் மரணமும் நேரிடலாம்.

இதை நம் சபை மக்கள் அவசியம் அறிய வேண்டும். கன்வென்ஷன் கூட்டத்தில் கண்ணீரோடு தீர்மானம் எடுத்து அன்றிரவே குடியை விட்டவர், மூன்றாம் நாள் பிதற்றினால், பிசாசு பிடித்தது என்று எண்ணிக் கட்டிவைக்காதீர்கள். அவர் தீர்மானம் மெய்யானதுதான். அதைக் காப்பாற்றவே ஆஸ்பத்திரி வேண்டும். மருத்துவர் தரும் அமைதி மருந்தும் தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசியும் அந்த ஆபத்தான நாட்களைக் கடக்க உதவுகின்றன. ஜெபியுங்கள், ஜெபித்துக்கொண்டே அழைத்து வாருங்கள்.

மருந்து முடிந்தபின்பே நீண்ட பயணம் ஆரம்பமாகிறது. 1935-ல் அமெரிக்காவில், குடியிலிருந்து மீண்ட ஒருவர் இன்னொருவருக்குத் துணையாக நின்றதிலிருந்து ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ பிறந்தது. 1980-ல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் டி.டி.கே. மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார். கணவரைக் குடிநோயில் இழந்தவர் அவர். நோயாளிக்கு மாத்திரமல்ல, அவர் மனைவி மக்களுக்கும் அங்கே சிகிச்சையில் பங்கு உண்டு.

மீண்டவர் மறுபடி விழுவதும் உண்டு. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் நாம் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைக்கிறோம். குடிநோயாளி தவறினால் மாத்திரம் ஏன் வாசலை அடைக்கிறோம்?

உங்கள் காணிக்கையால் படுக்கையும் மருந்தும் கிடைக்கின்றன. வீடு திரும்பியவருக்கு ஆலயத்தில் பக்கத்தில் ஓர் இடம் கொடுப்பது பணத்தால் ஆகாது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

கலந்துரையாட:

1. நம் சபையில் குடிநோயை மறைத்து வாழும் குடும்பங்கள் யாரிடம் தைரியமாகப் பேச முடியும்?

2. நம் வீட்டு விசேஷங்களில் குடித்தவர் வண்டி எடுக்காதபடி யார் சாவியை வாங்கி வைப்பார்?

3. குடியை நிறுத்தியவரின் முதல் வாரத்தில் அவர் வீட்டுக்கு யார் போவார்?

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் காப்பாராக.