மனதை வாசிக்கும் மேடைக்கு எந்த மைக்?

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவின் கடைசி இரவு. பெரட்டுக்களத்தில் பலகை அடித்து மேடை போட்டிருக்கிறார்கள். முன்வரிசையிலிருந்து ஓர் அக்காவை மேலே அழைத்திருக்கிறீர்கள். பகல் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, குளித்து, பூ வைத்து வந்தவர். "சின்ன வயசுச் சினேகிதி ஒருத்தியின் பெயரை மனதில் நினைங்க அக்கா" என்கிறீர்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே உங்கள் அட்டையில் இருக்கிறது. அவர் சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு மெல்லச் சொல்கிறார். உங்களுக்குக் கேட்கிறது. லயத்து வாசலில் நிற்கும் சனத்துக்குக் கேட்கவில்லை. ஆகவே அந்தப் பெயரை நீங்களே மைக்கில் திருப்பிச் சொல்லி அட்டையைக் காட்டுகிறீர்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வருகிறது: "எல்லாத்தையும் இவர்தானே சொல்றார்!"

வித்தையில் பிழை இல்லை. அந்த அக்காவின் குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரவில்லை.

சீட்டு வித்தையில் சாட்சி சீட்டு. எல்லோரும் கண்ணால் பார்க்கலாம். மனதை வாசிப்பதாகக் காட்டும் மெண்டலிசத்தில் சாட்சி இன்னொருவரின் வாய். அவர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொன்ன அந்தக் கணத்தில் சந்தேகம் உள்ளே புகுந்துவிடும். அதனால் இந்தத் தொழிலுக்கு மைக் தேடுகிறவர், 'என் குரலுக்கு எது நல்லது' என்று தொடங்கக் கூடாது. மேடைக்கு வருகிறவரின் குரலுக்கு எது நல்லது என்பதே முதல் கேள்வி. சந்தையில் மோடி வித்தை காட்டியவர்கள் இதைத் தெரிந்தே வைத்திருந்தார்கள். போர்வைக்குள் படுத்திருக்கும் பையன் தொண்டை கிழியக் கத்திப் பதில் சொல்வான். கூட்டம் முழுதும் அவன் வாயிலிருந்தே விடையைக் கேட்கும்.

கையில் காசு குறைவு என்றால் முதலில் வாங்க வேண்டியது வயர் உள்ள, கையில் பிடிக்கும் டைனமிக் மைக். 1966-இல் வந்த ஷுவர் எஸ்.எம். 58 இந்த வகைக்கு அளவுகோல். இன்றும் உலகெங்கும் மேடைகளில் நிற்கிறது. அதுவே வேண்டுமென்பதில்லை, அதே வகையில் மலிவானவையும் உண்டு. பெயர் பெற்ற மைக்குகளுக்குப் போலிகள் ஏராளம் என்பதால், பெட்டியைப் பார்த்து ஏமாறாமல் கடையிலேயே பேசிப் பாருங்கள். இவ்வகை மைக்குக்குத் தனி மின்சாரம் தேவையில்லை, கீழே விழுந்தாலும் தாங்கும். கார்டியோயிட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது முன்பக்கக் குரலை அதிகமாகவும் பின்பக்கச் சத்தத்தைக் குறைவாகவும் வாங்கும். நம் தோட்டத்து மேடையில் ஸ்பீக்கர் எங்கே இருக்கும் என்பது கோயில் கமிட்டியின் முடிவு. ஆகவே இந்தக் குணம் உங்களைக் காப்பாற்றும். ஆனால் மைக்கின் தலையைக் கையால் பொத்தினால் இந்தக் குணம் போய்விடும், மைக் கூவத் தொடங்கும்.

மேடைக்கு வருகிறவர் கையில் மைக்கைக் கொடுத்துவிடாதீர்கள். வெட்கத்தில் அதை நெஞ்சுக்கு இறக்கிவிடுவார். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து 2 சென்டிமீட்டரில் இருந்த மைக் 16 சென்டிமீட்டருக்குப் போனால் 18 டெசிபல் போய்விட்டது. அதை ஈடுகட்ட சவுண்ட்ஸ்காரர் ஒலியைக் கூட்டுவார், கூட்டினால் கூவும். மைக் உங்கள் கையில் இருக்கட்டும். அவர் வாய்க்கு இரண்டு விரல் இடைவெளியில், சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று அடிக்கும்.

இப்போது உங்கள் குரலுக்கு வருவோம். ஒரு கையில் அட்டை, மறு கையில் பேனை, மைக்குக்கு மூன்றாவது கை இல்லை. சட்டையில் குத்தும் சிறு மைக் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எல்லாத் திசையிலும் ஒலி வாங்குபவை, வாயிலிருந்தும் தள்ளியே இருக்கும். மரத்தில் கட்டிய ஹோர்ன் ஸ்பீக்கருக்குக் கீழே அது கூவாமல் நிற்பது கடினம். சட்டைப் பைக்குள் கைவிடும்போது கரகரப்பு வேறு. பைக்குள் கைவிடாத மெண்டலிஸ்ட் யார்? ஆகவே என் தெரிவு, காதில் மாட்டி வாயோரத்தில் நிற்கும் ஹெட்செட். அதன் முனை வாய்க்கு நேரே வேண்டாம், ஓரத்தில் வையுங்கள். கன்னத்தில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டினால் தலையைத் திருப்பும்போது அசையாது. அதற்கும் வசதியில்லையா? கழுத்தில் மாட்டும் கம்பித் தாங்கி ஒன்று வாங்கி, வயர் மைக்கையே அதில் பொருத்துங்கள். வயர் காலில் இழுபடும் என்றாலும் இரண்டு கையும் மிஞ்சும்.

வயர்லெஸ் வாங்கும்போது அவசரப்படாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை மலிவு. ஆனால் அதே அலைவரிசையில்தான் வைஃபையும் புளூடூத்தும் ஓடுகின்றன. கூட்டம் நெருங்கினால் குரல் விட்டுவிட்டு வரும். யு.எச்.எஃப். வகை பொதுவாக உறுதியானது. இரண்டு மைக் என்றால் இரண்டு வேறு அலைவரிசை. இலங்கையில் அலைவரிசைகள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பொறுப்பில் உள்ளன. எந்த வரிசைக்கு அனுமதி என்று கேட்டறிந்த பிறகு காசைக் கொடுங்கள். ரிசீவரை ஸ்டோர் தகரச் சுவருக்குப் பின்னால் வைக்காமல், மேடையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில் உயரமாக வையுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புது பெட்டரி போடுங்கள்.

வயர்லெஸ்ஸில் போகும் பேச்சை வேறொருவரும் கேட்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவில் பீட்டர் பொப்போஃப் என்ற பிரசங்கி, கூட்டத்தாரின் பெயரும் நோயும் தெய்வ அருளால் தெரிவதாகச் சொல்லிவந்தார். மனைவி ரேடியோவில் பேச, அவர் காதுக் கருவியில் கேட்டுக்கொண்டிருந்தார். மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டியின் குழு அந்தப் பேச்சைப் பதிவுசெய்து 1986-இல் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டியது. நம் நாட்டிலும் பகுத்தறிவாளர் ஏபிரகாம் கோவூர், முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தை அருளால் படித்துக் காட்டுங்கள், ஒரு லட்சம் ரூபா தருகிறேன் என்று பகிரங்கமாகச் சவால் விட்டார். 1978-இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை. நாணயத்தாள் இலக்கம் சொல்வது மெண்டலிஸ்டின் வழக்கமான வித்தைகளில் ஒன்று. சாமி வந்து வாக்குச் சொல்வதை மனதார நம்பும் சனத்தின் முன் அதைச் செய்கிறீர்கள். இது பழகிய கலை, அருள்வாக்கு இல்லை என்பதை முதல் நிமிடத்திலேயே, நல்ல மைக்கில், தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர்களுக்காகச் சிங்களத்திலும் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி பேசி முடிக்கும்போதே இரண்டு மைக் வழி வேண்டும் என்று கேட்டு வையுங்கள். கோயில் செட்டுகளில் பல அம்ப்களுக்கு 6.35 மில்லிமீட்டர் ஜாக்தான் பொருந்தும். அதற்கான வயரும் மாற்றியும் உங்கள் பையிலேயே இருக்கட்டும். சவுண்ட்ஸ்காரரிடம் ஒரு மணி நேரம் முன்னால் போய், "அண்ணே, நான் கை காட்டும்போது இரண்டாவது மைக்கைத் திறங்க" என்று ஒரு சைகை பேசி வையுங்கள். ஒலி பார்க்கும்போது 'ஹலோ ஹலோ' போதாது. நண்பரை மேடையில் நிறுத்தி வெட்கப்பட்ட குரலில் நாலு பெயர் சொல்லச் சொல்லிவிட்டு, நீங்கள் கடைசி லயம்வரை நடந்து கேளுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுத்தாயிற்றா என்று கமிட்டியிடம் விசாரியுங்கள். இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கிக்கு உயர் நீதிமன்றம் 2007-இலேயே கட்டுப்பாடு விதித்துவிட்டது. கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் என்றால் பால்வெட்டுக்காரர்கள் விடியுமுன் எழும்ப வேண்டியவர்கள். 9 மணிக்கே முடிக்கும்படி அமையுங்கள்.

கடைசியாக, மைக்கை ஈரத்திலிருந்து காக்க வேண்டும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. டைனமிக் மைக் ஓரளவு தாங்கும். ஹெட்செட்டின் சிறு முனை வியர்வைக்கும் ஈரத்துக்கும் சீக்கிரம் செத்துப்போகும். முடிந்தவுடன் துடைத்து, பெட்டரியைக் கழற்றி, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைச் சேர்த்து, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பொட்டலங்களை மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.