பெட்டியில் 50 வாட், காதில் கரகரப்பு

கேள்வி: டாக்ஸி ஓட்டுகிறேன். ஸ்விஃப்ட் டிசையர் வண்டி. புதிதாக மாட்டிய செட்டின் பெட்டியில் 50 வாட் × 4 என்று போட்டிருக்கிறது. கதவுகளில் 60 வாட் ஸ்பீக்கர்கள். ஆனாலும் திருநெல்வேலி ரோட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு வால்யூமைக் கூட்டினால் பாட்டு கரகரக்கிறது. ஆம்ப்ளிஃபையர் வைத்தால் சரியாகுமா? செட்டுக்கு வரும் வயரிலிருந்தே அதற்கும் கரண்ட் எடுக்கலாம் என்கிறார் நண்பர். எடுக்கலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: எடுக்கவே கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 50 வாட்.

இன்ஜின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். செட்டுக்குள் இருக்கும் சின்ன ஐ.சி. அந்த வோல்ட்டை உயர்த்துவதில்லை. 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 51.8. பெட்டியில் அச்சாகும் எண் இதுதான். பாட்டின் அலை மேலும் கீழும் முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமாகிப் போனால் வரும் வாட் அது. சுத்தமான இசைக்குக் கணக்கிலேயே பாதிதான். நடைமுறையில் 15 முதல் 20 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சக்தி). நீங்கள் கேட்கும் கரகரப்பு அந்த வெட்டுதான். ஸ்பீக்கர்மேல் குற்றமில்லை. ஆனால் இப்படியே ஓட்டினால் முதலில் ட்வீட்டர் கருகும்.

பணம் செலவழிக்குமுன் ஒன்று செய்யுங்கள். பேஸ் பூஸ்ட்டை அணைத்து, செட் மெனுவில் ஹைபாஸ் ஃபில்டர் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஐ.சி.யின் சக்தியில் பெரும்பங்கைத் தின்பது அடிமட்ட பேஸ்தான். பலருக்கு இதுவே போதும்.

போதாவிட்டால் ஆம்ப்ளிஃபையர் வையுங்கள். அது உள்ளேயே வோல்ட்டை உயர்த்திக்கொள்வதால் 50 வாட் ஆர்.எம்.எஸ். உண்மையாகவே வரும். சத்தம் பல மடங்காகும் என்று மட்டும் நினைக்காதீர்கள்: 20 வாட்டிலிருந்து 50-க்குப் போனால் கூடுவது 4 டெசிபல். காதுக்கு இரு மடங்காகத் தோன்றவே பத்து மடங்கு வாட் வேண்டும். உங்களுக்குக் கிடைக்கப்போவது தெளிவு. (பாபநாசம் தாண்டிக் காரையாறு சவாரி போனால் பாட்டையே நிறுத்திவிடுங்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்.)

இப்போது வயர். நான்கு சேனலும் 50 வாட் கொடுக்க ஆம்ப்ளிஃபையர் 20, 25 ஆம்பியர் இழுக்கும். செட் வயரின் ஃபியூஸோ பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். ஃபியூஸ் போகும், எரிச்சலில் யாராவது பெரிய ஃபியூஸ் போடுவார்கள், டாஷ்போர்டுக்குள் வயர் உருகித் தீப்பிடிக்கும். ஆகவே பேட்டரியிலிருந்தே தனி வயர், அதுவும் சுத்தச் செம்பில் 10 சதுர மில்லிமீட்டர். செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ். வயர் நுழையும் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். எர்த்தை பெயின்ட் சுரண்டிய தகட்டில் இறுக்குங்கள். செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் ஆர்.சி.ஏ. கேபிளை இந்த வயருக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனால் ஆல்டர்னேட்டர் இரைச்சல் வராது.

செட்டிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் பழைய வயர்களை முழுவதும் கழற்றிய பிறகே ஆம்ப்ளிஃபையரின் வயர்களை இணையுங்கள். இரண்டும் ஒரே ஸ்பீக்கரில் சேர்ந்தால் செட்டின் ஐ.சி. போய்விடும்.