லாங் வீக்கெண்ட்ல அம்மா வீட்டு ரெனொவேஷன்: லோன் போடுறதுக்கு முன்னாடி 4 கேள்விகள்

2026 பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. ஞாயிறு வரைக்கும் சேர்த்தா நாலு நாள் லீவு. சென்னையில வேலை பார்க்கிற ஒரு தம்பதி பழவேற்காடு பக்கம் மீனவ கிராமத்துல இருக்கிற கணவரோட அப்பா வீட்டுக்குப் போறாங்கன்னு வச்சுக்குவோம். உப்புக் காத்துல சிலாப் கம்பி துருப்பிடிச்சு, காரை உதிருது. பாத்ரூம் பழசு. "டைல்ஸ் போட்டு பெயிண்ட் அடிச்சிடலாம்"னு அவர் சொல்றார். "முதல்ல அத்தை படுக்கிற ரூம் கூரையைப் பாருங்க"னு அவங்க சொல்றாங்க. மொத்த எஸ்டிமேட் 3 லட்சம். உடனே மொபைல்ல பர்சனல் லோன் ஆஃபர் கண்ணுல படும். கொஞ்சம் பொறுங்க.

1. வீடு யார் பேர்ல இருக்கு?

பட்டா அப்பா பேர்ல இருந்தா, நீங்க செலவு பண்ணதால மட்டும் வீட்டுல உங்களுக்குப் பங்கு வந்துடாது. அண்ணன், தங்கச்சி இருந்தா அவங்ககிட்ட இப்பவே பேசிடுங்க. பணத்தைக் கையில கொடுக்காம பேங்க் வழியா அனுப்புங்க, பில்லை எடுத்து வைங்க. அப்பாவுக்குக் கொடுக்கிற பணத்துக்கு அவர் வரி கட்ட வேண்டியதில்லை.

2. கடன் யார் தலையில?

மனைவியும் கோ-அப்ளிகண்டா கையெழுத்துப் போட்டா, முழுக் கடனுக்கும் அவங்களும் பொறுப்பு. வீடு மட்டும் அவங்க பேர்ல இருக்காது. இதை ரெண்டு பேரும் தெரிஞ்சு முடிவு பண்ணணும். மாமியார் முன்னாடி மறுக்க முடியாம போடுற கையெழுத்தா அது இருக்கக்கூடாது.

3. வரி மிச்சமாகுமா?

பெரும்பாலும் ஆகாது. புது வரி முறையில, சொந்தமா குடியிருக்கிற வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. சம்பளம் மட்டும்தான் வருமானம்னா, 2025-26 நிதியாண்டுல 12.75 லட்சம் வரை எப்படியும் வரி இல்லை. பழைய முறையில ரிப்பேர் கடன் வட்டிக்கு வருஷம் 30,000 ரூபாய்தான் உச்சவரம்பு, அதுவும் வீட்டு ஓனருக்கு மட்டும். ரெனொவேஷன் கடனோட அசலுக்கு 80சி கிடையாது.

4. எல்லாம் இப்பவே வேணுமா?

3 லட்சம், 14% வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் 10,250. வட்டி மட்டும் கிட்டத்தட்ட 69,000!

பழவேற்காட்டுல மீன்பிடி இடங்களை முறை வச்சுப் பங்கு போடுற 'பாடு' பழக்கம் உண்டு. உங்க வேலைகளுக்கும் அப்படி ஒரு முறை வைங்க. கையில 60,000, பிப்ரவரியில இருந்து ரெண்டு பேரும் சேர்ந்து மாசம் 20,000 சேமிக்கிறதா ஒரு கணக்கு:

• ஏப்ரல் கடைசி: 1,20,000 சேர்ந்திருக்கும். கூரை வேலை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி முடிஞ்சிடும்.
• செப்டம்பர் கடைசி: அடுத்த 1,00,000. பாத்ரூம், வயரிங்.
• அடுத்த ஜனவரி: 80,000. டைல்ஸ், பெயிண்ட்.

அடுத்த பொங்கலை ஒட்டி வீடும் ரெடி, கடனும் இல்லை. அந்த 60,000 உங்க அவசரகால நிதியா இருக்கக்கூடாது, அதைத் தொடாதீங்க.

ஒரு விதிவிலக்கு: சிலாப் விழுற நிலைமைன்னா காத்திருக்காதீங்க. ஒரு இன்ஜினியரை வச்சுப் பார்த்துட்டு, கூரைக்குக் குறையுற 60,000-க்கு மட்டும் கடன் வாங்குங்க. உயிரை விட வட்டி பெருசில்ல.

இன்னொண்ணு, ஏரிக்கரை, கடற்கரைப் பகுதிகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. இருக்கிற வீட்டைப் பழுது பார்க்கிறது வேற, புதுசா ரூம் இழுக்கிறது வேற. ரூம் கட்டுற ஐடியா இருந்தா, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஊராட்சியில விசாரிங்க.

இந்த லீவுல கொத்தனாரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இந்த நாலு கேள்விக்கும் பதில் எழுதுங்க. அத்தை மாமாவையும் கூட உட்கார வைங்க, அது அவங்க வீடு. இஎம்ஐ கணக்கு போடுறது எப்படின்னு நம்ம சேனல் வீடியோவுல பார்க்கலாம்.