கம்ப்யூட்டரின் உறக்கமும் எஸ்.எஸ்.டி.யின் ஆயுளும்

போர்ட் கிள்ளான் வர்த்தகச் சகோதரர்களிற் சிலர், ‘ஹைபர்னேட்’ செய்தால் எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடுமென அஞ்சி, கம்ப்யூட்டரை இராமுழுதும் ‘ஸ்லீப்’பிலேயே விட்டுச் செல்கின்றனர். அச்சம் முற்றிலும் பொய்யன்று. ஸ்லீப்பில், திறந்திருக்கும் கணக்கு மின்சாரத்தின் தயவில் ‘ராம்’ நினைவகத்தில் நிற்கிறது. ஹைபர்னேட்டிலோ அது எஸ்.எஸ்.டி.யில் எழுதப்பட்ட பின்னரே மின்சாரம் நிற்கும். எழுத எழுத அது தேய்வதும் மெய்யே.

ஆனால் நாம் வியாபாரிகள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தடவைக்கு 6 ஜி.பி., நாளுக்கு இரு தடவை எனில், ஆண்டுக்கு 4,380 ஜி.பி. சாம்சங் 870 ஈவோ 500 ஜி.பி. வகைக்கு உத்தரவாத எழுத்தளவு 300 டி.பி., அதாவது 3 இலட்சம் ஜி.பி. இதற்கு மட்டும் 68 ஆண்டு தாங்கும்! கடை வாடகை ஒப்பந்தங்கூட அவ்வளவு நீளாது.

மெய்யான ஆபத்து ஸ்லீப்பில்தான். மாலை இடிமழையில் மின்சாரம் போனால், பாட்டரியில்லாத மேஜைக் கம்ப்யூட்டரில் சேமிக்காத கணக்கு பறிபோகலாம். லுஹர் தொழுது திரும்பும்வரை ஸ்லீப் போதும். இரவு கடை அடைக்கையில் ஹைபர்னேட் செய்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.