இஸ்கந்தரியா நூலகத்தை எரித்தது யார்?

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை, புத்தகப் பையை இறக்கி வைத்ததும் வைக்காததுமாக, "வாப்பா, உமர் (ரலி) அவர்கள் பெரிய நூலகம் ஒன்றை எரிக்கச் சொன்னார்களாமே, உண்மையா?" என்று கேட்டால், நம்மில் எத்தனை பேரால் நிதானமாகப் பதில் சொல்ல முடியும்? பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். "அதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட பொய், போய் ஓதுகிற வேலையைப் பார்" என்று அதட்டுவோம். அல்லது, அந்தக் காலத்தில் என்னென்னவோ நடந்திருக்கும் என்று மழுப்பிவிடுவோம். அதட்டலுக்குப் பயந்து பிள்ளை வாயை மூடிக் கொள்ளும். ஆனால் அதன் உள்ளத்தில் எழுந்த கேள்வி அடங்கிவிடாது. அதோடு, அந்த முதல் பதில் சரித்திரப்படி தவறானதும் கூட. அதைப் பின்னர் காண்போம்.

முதலில், கதை இதுதான். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்கள் மிஸ்ரு நாட்டை வென்றார்கள். அதன் தலைநகரான இஸ்கந்தரியா, அதாவது அலெக்ஸாந்திரியா, கி.பி. 642இல் முஸ்லிம்களின் கைக்கு வந்தது. அவ்வூரில் யஹ்யா நஹ்வீ என்ற கிறிஸ்தவ அறிஞர் இருந்தாராம். அவர் அம்ரு (ரலி) அவர்களிடம் நட்புக் கொண்டு, அரசு நூலகத்திலிருந்த நூல்களைத் தமக்குத் தருமாறு வேண்டினாராம். அம்ரு (ரலி) அவர்கள் கலீஃபாவுக்கு எழுதிக் கேட்க, அந்த நூல்கள் குர்ஆனுக்கு இசைவாக இருந்தால் அவை தேவையில்லை, முரணாக இருந்தால் வேண்டவே வேண்டாம், அழித்துவிடுக என்ற கருத்தில் பதில் வந்ததாம். உடனே நூல்கள் அனைத்தும் நகரத்து ஹம்மாம்களுக்கு, அதாவது வெந்நீர்க் குளியல் மண்டபங்களுக்கு, விறகாகப் பங்கிடப்பட்டனவாம். அவை எரிந்து தீர ஆறு மாதங்கள் ஆயினவாம்.

இச்செய்தியை எப்படி நிறுத்துப் பார்ப்பது? திருமறையின் 49ஆம் அத்தியாயம் 6ஆம் வசனம், தீயவன் ஒருவன் கொண்டு வரும் செய்தியைத் தீர விசாரிக்காமல் ஏற்று, அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட வேண்டாம் என்று எச்சரிக்கின்றது. இந்த எச்சரிக்கையிலிருந்து நம் முன்னோர் ஒரு கலையையே வளர்த்தார்கள். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, நினைவாற்றல் எப்படி, நாணயம் எப்படி என்று முஹத்திஸ்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். இன்றைய சரித்திராசிரியர் பழைய ஏடு ஒன்றைக் கையில் எடுத்ததும் கேட்பதும் ஏறத்தாழ இவையேதாம். எப்போது எழுதப்பட்டது? நடந்ததற்கு எவ்வளவு காலம் கழித்து? எழுதியவருக்கு அதை அறியும் வழி இருந்ததா? அப்படி எழுதுவதில் அவருக்கு ஏதேனும் நாட்டம் இருந்ததா?

சொன்னவரைப் பார்ப்பதோடு, சொல்லப்பட்ட விஷயம் காலத்தோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதற்கு ஓர் அழகான முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரீ ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாதில் ஒரு பழைய பத்திரம் வெளிவந்தது. கைபர் யூதர்களுக்கு ஜிஸ்யா வரியை நபி பெருமானார் (ஸல்) அவர்கள் நீக்கிவிட்டார்கள் என்றும், சாட்சிகளாக ஸஹாபாக்கள் ஒப்பமிட்டிருக்கிறார்கள் என்றும் அதில் கண்டிருந்தது. அரசு மந்திரி அதை ஹதீஸ் மேதை கதீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்களிடம் காட்டினார். அன்னார் பார்த்துவிட்டு, இது பொய்ப் பத்திரம் என்றார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் மிக எளியது. சாட்சிகளுள் ஒருவராக முஆவியா (ரலி) அவர்களின் பெயர் இருக்கிறது; அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியதோ மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரீ 8இல். கைபர் ஹிஜ்ரீ 7இல். மற்றொரு சாட்சி ஸஅத் பின் முஆத் (ரலி). அவர்கள் அகழ்ப் போரில் காயம்பட்டு, கைபருக்கு ஈராண்டுகளுக்கு முன்பே ஷஹீதாகிவிட்டார்கள்! காகிதத்தின் பழமையோ கையெழுத்தின் அழகோ அவர்களை மயக்கவில்லை. இரண்டே இரண்டு தேதிகள் போதுமானவையாக இருந்தன.

அதே உரைகல்லில் இப்போது இஸ்கந்தரியாக் கதையை உரைத்துப் பார்ப்போம்.

இதை முதன்முதல் எழுத்தில் வைத்தவர்கள் யார்? அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ என்ற மருத்துவர். கி.பி. 1200ஐ ஒட்டி மிஸ்ரு நாட்டில் தங்கியிருந்தவர், 1231இல் மறைந்தார். அவருக்கு அடுத்து, 1248இல் மறைந்த இப்னுல் கிஃப்தீ. யஹ்யா, கடிதம், ஹம்மாம் எல்லாம் சேர்ந்த முழுக் கதை இவருடைய நூலில்தான் வருகிறது. பிறகு ஸிரியாவின் கிறிஸ்தவப் பாதிரியார் அபுல் ஃபரஜ். 1286இல் மறைந்த இவருடைய அரபு நூலை 1663இல் எட்வர்ட் போகாக் என்ற ஆங்கிலேயர் லத்தீனில் பெயர்த்து வெளியிட்ட பின்னரே ஐரோப்பா முழுதும் இக்கதை பரவியது. ஆகவே, இது வெள்ளைக்காரன் கட்டிய கதையன்று. முதலில் எழுதிய இருவரும் முஸ்லிம்கள்! கசப்பாக இருந்தாலும் இதை ஒப்புக் கொண்டுதான் மேலே செல்ல வேண்டும்.

ஆனால் நிகழ்ச்சி 642இல். முதல் எழுத்து 1200ஐ ஒட்டி. இடையில் ஐந்தரை நூற்றாண்டுகள்! யாரிடம் கேட்டேன் என்று இருவருமே சொல்லவில்லை. இஸ்னாதின் வாடையே இல்லை. போதாக்குறைக்கு, அப்துல் லத்தீஃப் நூலகத்தைப் பற்றிச் சொல்லும் அதே இடத்தில், அரிஸ்டாட்டில் பாடம் நடத்திய மண்டபமும் அதுவே என்று தாம் கருதுவதாக எழுதுகிறார். அரிஸ்டாட்டில் இஸ்கந்தரியாவில் பாடம் நடத்தியவரல்லர். ஊரார் சொன்னதைக் கேட்டுக் குறித்துக் கொண்டார் என்றே தோன்றுகிறது.

இந்த ஐந்தரை நூற்றாண்டுகளில் மிஸ்ரின் வெற்றியைப் பற்றி எழுதியவர்கள் இல்லையா? நிறையவே இருந்தார்கள். மிஸ்ரிலேயே வாழ்ந்து அந்நாட்டின் வெற்றிச் சரித்திரத்தை விரித்தெழுதிய இப்னு அப்துல் ஹகம் (மறைவு கி.பி. 871), பலாதுரீ (892), தபரீ (923) ஆகிய எவரும் இதைக் கூறவில்லை. முஸ்லிம்கள் மறைத்திருக்கலாம் என்று ஒருவர் கேட்கக்கூடும், நியாயமான கேள்விதான். அப்படியானால் நிகியூ நகரின் கிறிஸ்தவப் பிஷப் யோவான் ஏன் மறைத்தார்? வெற்றி நடந்த அதே நூற்றாண்டில் எழுதியவர் அவர். அரபுப் படைகளின் கடுமையைச் சொல்வதில் சிறிதும் தயங்காதவர். பத்தாம் நூற்றாண்டில் இஸ்கந்தரியாவின் தலைமைக் குருவாகவே இருந்த ஸயீத் பின் பத்ரீக்கும் சரித்திரம் எழுதியிருக்கிறார். அவரிடமும் இக்கதை இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒருவர் ஒன்றைச் சொல்லவில்லை என்பதாலேயே அது நடக்கவில்லை என்று தீர்த்துவிட முடியாது. யோவானின் நூல் எத்தியோப்பிய மொழிபெயர்ப்பாகவே நம் கைக்கு வந்திருக்கிறது. இடையிடையே சிதைந்தும் இருக்கிறது. எனவே மௌனத்தை மட்டும் நம்பியிராமல் கதையின் உள்ளேயும் புகுந்து பார்ப்போம்.

யஹ்யா நஹ்வீ என்பவர் மெய்யாகவே வாழ்ந்த அறிஞர். கிரேக்க நூல்களில் யோவான் ஃபிலோபோனஸ் என்று அறியப்படுபவர். அவர் தம் உரைநூல் ஒன்றில் தாமே தந்திருக்கும் காலக்குறிப்பு கி.பி. 517க்கு நேராகிறது. அந்த உரையை எழுதியபோது அவருக்கு இருபத்தைந்து வயது என்று வைத்துக் கொண்டாலும், அம்ரு (ரலி) அவர்களைச் சந்திக்கும்போது நூற்றைம்பது வயதாகியிருக்க வேண்டும்! கைபர்ப் பத்திரத்தில் ஸஅத் (ரலி) அவர்கள் சாட்சியாக வந்தது போன்றதே இதுவும்.

விறகுக் கணக்கைப் பாருங்கள். ஹம்மாம்கள் 4,000 என்று கதை சொல்கிறது. ஆறு மாதம் என்றால் 180 நாட்கள். இரண்டையும் பெருக்கினால் 7,20,000. அந்த நூலகத்தில் இருந்தனவாகப் பழைய ஆசிரியர்கள் சொன்ன மிகப் பெரிய தொகையே 7,00,000 சுருள்கள். அதுவும் மிகைப்படுத்தியது என்பது இன்றைய ஆய்வாளர் கருத்து. அதை அப்படியே ஏற்றாலும் ஒரு ஹம்மாமுக்கு ஒரு நாளைக்கு ஒரு சுருள் கூடத் தேறவில்லை. ஒற்றைச் சுருளில் ஓர் அண்டாத் தண்ணீரைக் காய்ச்ச எந்த வீட்டுப் பெண்மணியாலாவது முடியுமா? அந்த 4,000 என்ற எண் வந்த வழியும் தெரிகிறது. அம்ரு (ரலி) அவர்கள் கலீஃபாவுக்கு எழுதியதாகப் பழைய வரலாறுகள் தரும் கடிதம் ஒன்றில் 4,000 மாளிகைகள், 4,000 ஹம்மாம்கள் என்று நகரின் சிறப்பு அடுக்கப்படுகிறது. அந்தப் பட்டியலில் நூலகம் என்ற பேச்சே இல்லை.

இத்தனைக்கும் மேலாக, நகரம் சரணடைந்தபோது செய்து கொண்ட உடன்படிக்கை பதினொரு மாத அவகாசம் தந்தது. அதற்குள் ரோமர்கள் தம் உடைமைகளோடு கடல் வழியே போகலாம். நூல்களை மதித்தவர் எவரேனும் இருந்திருந்தால், அவற்றைக் கப்பலேற்றத் தடையேதும் இருக்கவில்லை. இக்கதையை ஐயுற்றவர்களில் ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பனும் ஒருவர். 1902இல் ஆல்ஃபிரட் பட்லர் என்ற மற்றோர் ஆங்கிலேயர் இதை வரிவரியாக ஆராய்ந்து தள்ளினார். நம் நாட்டு மௌலானா ஷிப்லீ நுஃமானீ (ரஹ்) அவர்கள் உருதுவில் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் நூலகம் எங்கே போயிற்று? இங்கேதான் காரணம் காண்பதில் நாம் இடறுகிறோம். பெரிய இழப்பு ஒன்று நேர்ந்தால், அதற்கு ஒரு நாள், ஒரு தீ, ஒரு குற்றவாளி வேண்டும் என்று மனித மனம் தேடுகிறது. கி.மு. 48இல் ஜூலியஸ் சீஸர் துறைமுகத்தில் வைத்த நெருப்பு பரவி நூல்கள் எரிந்ததாக ரோம ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் சக்கரவர்த்தி அவுரேலியனின் போரில் அரண்மனைப் பகுதியே பாழாயிற்று. 391இல் பிஷப் தியோஃபிலஸ் காலத்தில் ஸெராபிஸ் கோயில் இடிக்கப்பட்டது. நம்மில் சிலர், "பார்த்தீர்களா, எரித்தவர்கள் கிறிஸ்தவர்கள்தாம்!" என்று இதைப் பிடித்துக் கொள்கிறார்கள். சற்றுப் பொறுங்கள். அந்த இடிப்பை விவரித்த அக்காலத்து ஆசிரியர்கள் நூல்கள் எரிந்ததாகச் சொல்லவில்லை. உமர் (ரலி) அவர்களுக்காக நாம் கேட்ட ஆதாரத்தைத் தியோஃபிலஸுக்காகவும் கேட்க வேண்டாமா?

நெருப்பே வேண்டியதில்லை என்பதே உண்மைக்கு நெருக்கமானது. அந்த நூல்கள் நாணல் வகைத் தாளில் எழுதிய சுருள்கள். கடற்கரை ஈரத்தில் அவை நெடுங்காலம் தாங்கா. மீண்டும் மீண்டும் படியெடுக்க வேண்டும். படியெடுப்பவருக்குச் சம்பளம் வேண்டும். சம்பளம் தர அரசன் வேண்டும். கி.மு. 145ஐ ஒட்டி எட்டாம் தாலமி அறிஞர்களை நகரைவிட்டே விரட்டினான். பின்னர் வந்த ரோமர்களுக்குத் தலைநகர் வேறு. கேட்பாரற்ற நூலகம் ஓசையின்றிச் செத்துப் போகும். நம் பாட்டன்மார் வைத்துப் போன அரபுத் தமிழ்க் கிதாபுகள் பரணில் கரையானுக்கு இரையானபோது எந்தப் படை வந்து எரித்தது? சீஸரின் தீ ஒரு காரணம், போர் ஒரு காரணம். ஆனால் எரிந்ததை மறுபடி எழுதி வைக்க ஆளில்லாமற் போனதே அடிப்படைக் காரணம்.

இல்லாத ஒன்றை எரித்ததாக முஸ்லிம்களே ஏன் எழுதினார்கள்? இதற்கு ஓர் ஊகம் உண்டு. ஊகம் என்ற அளவிலேயே சொல்கிறோம். 1171இல் சுல்தான் ஸலாஹுத்தீன் ஃபாத்திமீக்களின் ஆட்சியை முடித்தபின் காஹிராவிலிருந்த அவர்களுடைய மாபெரும் நூலகம் விற்றுக் கலைக்கப்பட்டது. அதற்கு முன்மாதிரியாக உமர் (ரலி) அவர்களின் பெயர் பயன்பட்டிருக்கலாம் என்று, நம்மவர் பலரும் குறை சொல்லும் பெர்னார்ட் லூயிஸ் 1990இல் எழுதினார். கதை எழுத்தில் வந்த காலம் இதற்குப் பொருந்துகிறது. அதற்கு மேல் துணிந்து சொல்ல இடமில்லை.

பிள்ளையிடம் இவ்வளவையும் சொன்ன பிறகு, அது கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் அடுத்த கேள்வி வரும். "அப்படியானால் நமக்குப் பிடித்த கதைகளையும் இப்படித்தானே பார்க்க வேண்டும்?" ஆம், இப்படித்தான் பார்க்க வேண்டும். மலையாளக் கரையிலும் நம் ஊர்களிலும் ஆசையோடு சொல்லப்படுவது சேரமான் பெருமாள் கதை. நபி பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் சந்திரன் பிளந்ததைச் சேர மன்னர் தம் கண்ணால் கண்டு, மக்கா சென்று முஸ்லிமானார் என்பது அது. சந்திரன் பிளந்த முஃஜிஸா திருமறையில் உள்ளது, அதில் பேச்சில்லை. மன்னரின் பயணம் அந்தக் காலத்தில்தான் நடந்ததா என்பதே கேள்வி.

இதற்குப் பதில் தேட நாம் மேல்நாட்டாரிடம் போக வேண்டியதில்லை. பொன்னானியின் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் இதைத் தொட்டிருக்கிறார்கள். போர்த்துக்கீசியரின் கொடுமைக்கு எதிராக முஸ்லிம்களைத் தட்டி எழுப்ப எழுதிய நூல் அது. ஒரு சேர மன்னர் பெருமானாரைக் காணப் புறப்பட்டார் என்று எழுதியிருந்தால், படிப்பவர் உள்ளம் எவ்வளவு கிளர்ந்திருக்கும்! ஷைகு அவர்கள் மன்னர் ஒருவர் முஸ்லிமானதையும் பயணம் போனதையும் எழுதினார்கள். ஆனால் அது பெருமானார் காலத்தில் நடந்தது என்று மக்கள் நம்புவதில் உண்மை அநேகமாக இல்லை, ஹிஜ்ரத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகே நடந்திருக்க வேண்டும் என்று, அந்த நூலிலேயே தம் மக்களுக்கு முன்னால் எழுதி வைத்தார்கள்.